தளராத எஃகுக் கை: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் கல்லீரலில் கண்ட அழுத்தக் காயம்

சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையில் வெட்டும் கருவியையும் தைக்கும் கருவியையும் ஸ்டேப்ளரையும் கேமரா ஓயாமல் பின்தொடர்கிறது. குறுக்கே நிற்கும் உறுப்பை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை மட்டும், அது சரியாக அமர்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வேலை முடியும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. அறுவை சிகிச்சை முழுவதும் உயிருள்ள திசுவை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் கருவி அது ஒன்றுதான் என்பதை நினைத்தால் இந்தப் பழக்கம் கவலை தருகிறது. இங்கே விவரிக்கப்படும் நிகழ்வில், உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையின்போது, அத்தகைய அழுத்தம் கல்லீரலின் ஒரு பகுதியை இறக்கச் செய்தது. அதைவிட முக்கியமாக, உயிருக்கே ஆபத்தான வேறொரு சிக்கலைப் போலத் தோற்றம் காட்டி, தேவையற்ற இரண்டாம் அறுவை சிகிச்சையின் விளிம்புவரை நோயாளியைக் கொண்டுபோனது.

அறுவை சிகிச்சை நடந்தபோது நான் அந்தக் குழுவில் இல்லை. இரண்டாம் நாள், மறு அறுவை சிகிச்சை தேவையா என்று கருத்துக் கேட்க அழைக்கப்பட்டேன். பிறகு காணொளிப் பதிவையும் மயக்கவியல் குறிப்புகளையும் குழுவினருடன் அமர்ந்து பார்த்தேன். நோயாளியின் ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

நோயாளி

நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ., உடல் நிறை குறியீட்டெண் 47. சில ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. மாத்திரைகள் எடுத்தும், சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4 விழுக்காட்டுக்குக் கீழே வரவில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடையும் நெஞ்செரிச்சலும் இருந்தன. எண்டோஸ்கோபியில் சுமார் 3 செ.மீ. அளவுள்ள ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்பறைக்குள் ஏறியிருப்பது, தெரிந்தது. அல்ட்ராசவுண்டில் இரண்டாம் நிலைக் கொழுப்புக் கல்லீரல். இடப்பக்க மடல் பெரிதாக, வயிற்றின் இடது மேல் மூலைவரை நீண்டிருந்தது.

இத்தகையோருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு வாரமாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கலோரி மட்டும் கொண்ட உணவுமுறை பரிந்துரைக்கப்படுகிறது. எடையைக் குறைப்பதைவிடக் கல்லீரலைச் சுருக்குவதே இதன் முதன்மை நோக்கம். ஆஸ்திரேலியாவில் மிகக் குறைந்த கலோரி உணவை 12 வாரம் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 2006-இல் வெளியானது. கல்லீரலின் பருமன் குறைந்ததில் 80 விழுக்காடு முதல் இரண்டு வாரங்களிலேயே நிகழ்ந்துவிட்டதை அது காட்டியது. இந்த நோயாளிக்கும் அந்த உணவுமுறை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒரு திருமணம் குறுக்கிட்டதால் அவரால் அதில் பாதி நாள்கூடக் கடைப்பிடிக்க முடியவில்லை. அவர் அதை மறைக்கவில்லை. கேட்டவர் எவரும் இல்லை.

அறுவை சிகிச்சை

திட்டமிட்டது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமியும் ஹெர்னியா சீரமைப்பும். இரைப்பையின் பெருவளைவுப் பக்கத்தை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய் வடிவில் விடுவதே ஸ்லீவ். இதற்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம்வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் குடலும், அதன்மேல் தொங்கும் கொழுப்புத் திரையான ஓமெண்டமும் தம் எடையாலேயே கீழே சரிந்து வழிவிடும். இடப்பக்கக் கல்லீரல் மடலோ அந்தச் சந்திப்பின்மேல் கூரையாகக் கவிந்து நிற்கும். அதைத் தூக்கிப் பிடிக்காமல் ஒரு தையல்கூடப் போட முடியாது.

இதற்குப் பயன்பட்டது நாதன்சன் ரிட்ராக்டர். பிரிஸ்பேனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் லெஸ்லி நாதன்சன் பெயரால் வழங்கும் இது, பல வளைவுகள் கொண்ட ஒரே எஃகுக் கம்பி. நெஞ்செலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளையிட்டு, ட்ரோகார் எனும் நுழைவுக்குழாய் இல்லாமலே, வளைவுக்கேற்பத் திருப்பித் திருப்பி உள்ளே செலுத்துவார்கள். உள்ளே போன பகுதி கல்லீரலின் அடியில் கொக்கிபோல் நிற்கும். வெளியே உள்ள பிடி, மேசையின் பக்கச் சட்டத்தோடு இறுக்கப்பட்ட உலோகக் கையில் பூட்டப்படும். பிரியும் பாகம் எதுவும் இல்லை, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். செலவைப் பார்த்து வாங்க வேண்டிய நம் மருத்துவமனைகளில் இது நிலைபெற்றதற்குக் காரணங்கள் நியாயமானவை.

இடம் உண்டாக்க வயிற்றுக்குள் ஊதிய கார்பன் டை ஆக்ஸைடின் அழுத்தம் 15 மி.மீ. பாதரசம். பெரிய அளவு ரிட்ராக்டர் 11-ஆம் நிமிடத்தில் உள்ளே சென்றது. 166-ஆம் நிமிடத்தில் வெளியே வந்தது. இடைப்பட்ட 155 நிமிடங்களில் அது தளர்த்தப்படவோ இடம் மாற்றப்படவோ இல்லை. ஹெர்னியாவின் பை மார்பறைப் பக்கம் ஒட்டியிருந்ததால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நேரமானது. மற்றபடி அறுவை சிகிச்சை குறைசொல்ல முடியாதபடி நடந்தது: ஸ்டேப்ளர் கோடு சீராக இருந்தது, நீலச் சாயச் சோதனையில் கசிவில்லை, இரத்த இழப்பு மிகக் குறைவு.

அடுத்த மூன்று நாட்கள்

அன்று மாலையே நோயாளிக்கு மேல்வயிற்றில் வலி. கேட்டபோது, “நெஞ்சுக்குழியில அம்மிக்கல்ல ஏத்தி வெச்ச மாதிரி இருக்குதுங்க டாக்டர்” என்றார். இடது தோளிலும் வலி இருந்தது. தங்கிய வாயுவால் உதரவிதானம் எரிச்சலுறும்போதும் தோள் வலிக்கும். ஸ்லீவ் கசியும்போதும் வலிக்கும்.

மறுநாள் காலை இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் செல்கள் சேதமுறும்போது இரத்தத்தில் கசியும் நொதிகளான ஏஎஸ்டி 912, ஏஎல்டி 804 அலகுகள். முன்பு இரண்டும் அறுபதுக்குள் இருந்தவை. பிலிருபினும் இரத்தம் உறையும் நேரமும் இயல்பாகவே இருந்தன. லேப்ராஸ்கோபிக்குப் பிறகு இந்த நொதிகள் சற்று உயர்வது வழக்கம் என்பதால் இந்த எண்களுக்கு அன்று அதிக முக்கியத்துவம் தரப்படவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் 101.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, நாடித்துடிப்பு 118, வெள்ளையணுக்கள் 15,800. ஸ்லீவ் செய்தவருக்குக் காய்ச்சலும் வேகமான நாடியும் சேர்ந்து வந்தால், வேறொன்று நிரூபணமாகும்வரை அது ஸ்டேப்ளர் கோட்டுக் கசிவுதான் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பான மரபு. குழு மறுபடி லேப்ராஸ்கோபி செய்ய அரங்கைத் தயார் செய்யச் சொல்லியிருந்தது.

அந்த அச்சத்தில் தவறேதும் இல்லை. ஆனாலும் நோயாளியின் இரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. வயிற்றைத் தொட்டால் நெஞ்சுக்குழியில் மட்டும் வலி, மற்ற இடங்கள் மென்மையாக இருந்தன. பரிசோதனைத் தாளில் ஏஎஸ்டி 912-இலிருந்து 430-ஆகவும், ஏஎல்டி 804-இலிருந்து 655-ஆகவும் இறங்கியிருந்தன. இந்த இறக்கத்தின் வடிவம் கவனிக்கத் தக்கது. குருதியில் ஏஎஸ்டி பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கும், ஏஎல்டிக்கு ஏறத்தாழ 47 மணி நேரம். ஒரே தருணத்தில் கல்லீரல் செல்கள் சேதமுற்று, அதன்பின் புதிய சேதம் ஏதும் இல்லாதபோதுதான் முன்னது வேகமாகவும் பின்னது மெதுவாகவும் இப்படி இறங்கும். கசிவு இந்த எண்களை விளக்காது. அரங்கத்துக்குச் செல்லும் முன் சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று முடிவானது.

படம் தெளிவாகத் தெரிய வாய்வழியும் சிரைவழியும் மருந்து கொடுத்து எடுத்த சிடியில் கசிவு இல்லை, சீழோ நீரோ தேங்கவில்லை. கல்லீரலின் இடப்பக்க மடலைச் சேர்ந்த மூன்றாம் பிரிவிலும் இரண்டாம் பிரிவின் ஓரத்திலும், சுமார் 6 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்ட பட்டை ஒன்று, இரத்த ஓட்டம் இல்லாமல் கருத்துத் தெரிந்தது. உள்ளே வாயுக் குமிழ் இல்லை. குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும், மண்ணீரல் சிரையும் திறந்திருந்தன. ஸ்லீவுக்குப் பின் அங்கே இரத்தக் கட்டி உருவாவது அறியப்பட்ட சிக்கல் என்பதால் அதைத் தனியாகப் பார்த்தோம். இடது கல்லீரல் தமனி வழக்கமான இடத்திலிருந்தே கிளைத்தது. சிலருக்கு அது இடது இரைப்பைத் தமனியிலிருந்து புறப்படும். புற்றுநோய்க்காக இரைப்பையை நீக்கும்போது அந்தத் தமனியைக் கட்டினால் இதே இடம் இறக்கக்கூடும். ஸ்லீவில் அந்தத் தமனியைத் தொடுவதில்லை; இவருக்கு அந்த மாறுபாடும் இல்லை. தமனி அடைப்பால் இறக்கும் பகுதி ஆப்பு வடிவில், அந்தத் தமனி ஊட்டும் எல்லையைப் பின்பற்றும். இங்கே தெரிந்த பட்டை எந்த இரத்தக் குழாயின் எல்லையையும் மதிக்கவில்லை. மேசைமேல் வைத்திருந்த நாதன்சன் ரிட்ராக்டரின் வளைவை மதித்தது.

மறு அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. இறந்த திசுவில் கிருமி குடியேறக்கூடும் என்பதால் பைப்பராசிலின்–டாசோபாக்டம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கப்பட்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, எட்டாம் நாள் வீடு திரும்பினார். மூன்று வாரத்தில் நொதிகள் இயல்புக்கு வந்தன. எல்லோருக்கும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை: இத்தகைய பகுதி சீழ்க்கட்டியாகி வடிகுழாய் போட வேண்டி வந்ததும், இறந்த மடலை வெட்டி நீக்க வேண்டி வந்ததும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

காணொளியில் கண்டது

பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தோம். ரிட்ராக்டர் அமரும்போது கல்லீரல் மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு. ஓரம் கூர்மை இழந்து உருண்டிருந்தது, கொழுப்பேறிய கல்லீரலின் அடையாளம். அதன்பின் கேமரா பெருவளைவை நோக்கி இறங்குகிறது. 74-ஆம் நிமிடத்தில், ஹெர்னியாவின் பையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, திரையின் மேல் மூலையில் சில நொடிகள் மடலின் ஓரம் எட்டிப் பார்க்கிறது. கம்பிக்கு அப்பால் உள்ள பகுதி சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் இருக்கிறது. கம்பிக்கு இப்பால் நிறம் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லை. அப்போது அரங்கில் இருந்த அனைவரின் கண்ணும் திரையின் நடுவில் உணவுக்குழாயின் மேல் இருந்தது. அங்கேதான் இருக்கவும் வேண்டும். முடிவில் ரிட்ராக்டரை எடுக்கும்போது கல்லீரலின் அடிப்பரப்பில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரிகிறது; அதன் தரை கருநீலம். கேமரா அதன்மேல் ஒரு கணம் நின்று நகர்கிறது.

அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஸ்டேப்ளர் குண்டுகளின் (ஊசிகள் அடைத்த உறைகளின்) நிறமும் எண்ணிக்கையும் இருந்தன, தையல் நூலின் வகையும் இருந்தது. ரிட்ராக்டரைப் பற்றி இருந்தது ஒரே வரி: “கல்லீரல் விலக்கப்பட்டது.”

அழுத்தம் எப்படிக் கொல்கிறது

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அந்தச் சிரையின் அழுத்தம் இயல்பில் 5 முதல் 10 மி.மீ. பாதரசம் மட்டுமே. வயிற்றை 15 மி.மீ. அழுத்தத்தில் ஊதும்போதே அந்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. ரிட்ராக்டர் தொடாத அறுவை சிகிச்சைகளிலும் நொதிகள் சற்று உயர்வது இதனால்தான். ஏற்கெனவே மெலிந்துபோன அந்த ஓட்டத்தின்மேல் ஒரு கம்பி, தன் குறுகிய பரப்பில் மடலின் முழு எடையையும் தாங்கி நிற்கிறது. கொழுப்பேறிய கல்லீரலில் மடலும் கனம். வீங்கிய செல்கள் நுண்ணிய இரத்தத் தடங்களை நெருக்குவதால் ஓட்டக் குறைவைத் தாங்கும் திறனும் குறைவு. இந்த நோயாளிக்கு மயக்கம் கொடுத்தபின் சிறிது நேரம் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்ததையும் குறிப்பிட வேண்டும். ஆகவே முழுப் பழியையும் கம்பியின்மேல் சுமத்த முடியாது. மற்றக் காரணங்கள் கல்லீரல் முழுவதையும் நலிவாக்கின. எந்த இடம் இறக்க வேண்டும் என்பதைக் கம்பி முடிவுசெய்தது.

திறந்த அறுவை சிகிச்சைக் காலத்திலும் கல்லீரலை டீவர் ரிட்ராக்டரால் இழுத்துப் பிடித்தோம். பிடித்துக்கொண்டு நின்றவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர். கால் மணி நேரத்தில் அவர் கை சோரும், பிடி தளரும், மூத்தவர் கடிந்துகொள்வார், மறுபடி இழுப்பார். அந்தச் சோர்வு கல்லீரலுக்கு அடிக்கடி ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தது. எவரும் திட்டமிடாத பாதுகாப்பு அது. மேசையில் பூட்டிய உலோகக் கைக்குச் சோர்வு இல்லை. அதன் பெருமையாக நாம் சொல்வதும் அதுவே, இந்நோயாளிக்குக் கேடு செய்ததும் அதுவே.

அந்தக் கை நிலையாக நிற்கிறது, உடல் நிற்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஒவ்வொரு செயற்கை மூச்சுக்கும் உதரவிதானம் இறங்கிக் கல்லீரலைக் கம்பியின்மேல் அழுத்துகிறது. தலைப்பக்கம் உயர்ந்த மேசையில் கனத்த உடல் மெல்ல மெல்லக் கால்பக்கம் சரிகிறது; கம்பியோ மேசையோடு கட்டுண்டது, உடலோடு சேர்ந்து சரியாது. இடையில் வாயு வெளியேறி வயிற்றுச் சுவர் தாழ்ந்தாலும் கம்பியின் இருப்பிடம் மாறாது. தொடக்கத்தில் இதமாக அமைந்த பிடி, ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே பிடியாக இருப்பதில்லை.

கல்லீரல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் இந்த உறுப்பை நடத்தும் விதத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908-இல் விவரித்த முறைப்படி, கல்லீரலுக்குள் நுழையும் இரத்தக் குழாய்களைக் கவ்வியால் மூடி இரத்த இழப்பைக் குறைக்கிறார்கள். பரவலான வழக்கம், 15 நிமிடம் மூடினால் 5 நிமிடம் திறந்துவிடுவது. மயக்க மருந்து நிபுணர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைச் சத்தமாகச் சொல்வார். அதே உறுப்பின் ஒரு துண்டை இரண்டரை மணி நேரம் நெரித்து வைக்கும்போது எந்தக் கடிகாரமும் ஓடுவதில்லை.

வேறு கருவி வேண்டுமா?

குழுவின் முதல் எண்ணம் ரிட்ராக்டரை மாற்றிவிடலாம் என்பதாக இருந்தது. விசிறி ரிட்ராக்டர் பரப்பை அகலப்படுத்தும். ஆனால் விரல்களை மடக்கும்போது இடையில் திசு சிக்கும், மெல்லிய முனைகள் கொழுப்பேறிய கல்லீரலைக் குத்திக் கிழிக்கும். பிடியைத் திருகினால் பாம்புபோல் சுருண்டு முக்கோணமாகும் வளைவு ரிட்ராக்டர் 5 மி.மீ. ட்ரோகார் வழியே போகும், ஓரங்கள் மழுங்கலானவை; அதன் கண்ணிகளைக் கழுவிச் சுத்தம் செய்வது எளிதல்ல. இரைப்பைப் புற்றுநோய்க்கு அதிகமாக லேப்ராஸ்கோபி செய்யும் ஜப்பானிலும் கொரியாவிலும், பென்ரோஸ் ரப்பர் வடிகுழாயையோ சிலிக்கோன் தகட்டையோ தையலால் தொட்டில்போல் கட்டி மடலைத் தாங்கவைக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. பாரம் பரந்து விழுகிறது என்பதால் இவை எனக்கு மிகவும் ஏற்புடையவை. கற்றுக்கொள்ளவும் கட்டவும் நேரம் பிடிக்கும், மிகப் பெரிய மடலை இவை முழுதாகத் தூக்குவதில்லை. வயிற்றுக்கு வெளியே வைத்த காந்தத்தால் உள்ளே உள்ள கவ்வியை இழுக்கும் கருவிக்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக அனுமதி அளித்தது. தடித்த வயிற்றுச் சுவரில் காந்தத்தின் பிடி தூரத்தோடு வேகமாகக் குறையும்.

இவற்றில் எதுவும் நேரத்தை எண்ணும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. நாதன்சன் ரிட்ராக்டரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றே நான் பரிந்துரைத்தேன், சில நிபந்தனைகளோடு. மேசையை முழுமையாகச் சாய்த்து, பாதப் பலகையில் உடல் நின்றபின்தான் ரிட்ராக்டரைப் பூட்ட வேண்டும். பூட்டியபின் சாய்வு மாறினால் பிடியையும் சரிசெய்ய வேண்டும். காட்சி கிடைத்தபின் வாயு அழுத்தத்தை 12-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் நேரத்தைச் சொல்ல, உலோகக் கையின் திருகைத் தளர்த்தி மூன்று நிமிடம் மடலைத் தொங்கவிட்டு, கேமராவை மேலே திருப்பி நிறத்தைப் பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். நிறம் திரும்பவில்லை என்றால் கம்பியின் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். உணவுமுறையைக் கடைப்பிடிக்காத நோயாளிக்கு, அவசரம் இல்லாதபோது, தேதியைத் தள்ளிவைப்பது நல்லது.

மூத்த நிபுணர் ஒருவர் இதற்கு வலுவான மறுப்புச் சொன்னார்: பருமனான நோயாளிக்கு மயக்க நேரம் நீள்வதே ஆபத்து, கம்பியைத் திரும்பத் திரும்ப அசைப்பதால் மடல் கிழியலாம். இரண்டாவது அச்சம் கம்பியை வெளியே எடுத்துச் செருகினால்தான் பொருந்தும். திருகைத் தளர்த்துவதற்குப் பொருந்தாது. முதலாவதற்கு, இந்த அறுவை சிகிச்சையையே கணக்கிட்டால், ஐந்து இடைவேளைகள் சேர்ந்து 15 நிமிடம். ஸ்டேப்ளருக்குக் குண்டு மாற்றுவது, மங்கிய கேமரா முனையைத் துடைப்பது, மயக்க மருந்து நிபுணர் இரைப்பைக் குழாயை இறக்குவது ஆகிய வேலைகளை அந்த நிமிடங்களோடு பொருத்தினால் கூடுதல் நேரம் அதில் பாதியாகும். எட்டு நாள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் பக்கம் நின்று பார்க்கும்போது, அந்த ஏழெட்டு நிமிடத்தைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சிடியில் அந்தப் பட்டை சுருங்கித் தழும்பாகியிருந்தது. மடலின் ஓரம் உள்ளிழுக்கப்பட்டு இரைப்பையின் மேல் பகுதியோடு நெருங்கியிருந்தது. நோயாளி 21 கிலோ குறைந்திருந்தார், நீரிழிவு மாத்திரைகளில் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நெஞ்செரிச்சல் தீராமல் அதை இரைப்பை பைபாஸாக மாற்ற வேண்டி வரும். அப்போது உள்ளே நுழையும் நிபுணர், கல்லீரல் ஓரம் ஸ்டேப்ளர் கோட்டோடு ஒட்டியிருப்பதைக் காணக்கூடும். ஆகவே அவருடைய கோப்பில் கல்லீரல் காயத்தின் இடம், அளவு, ரிட்ராக்டரின் வகை, அது உள்ளே இருந்த நேரம் ஆகியவற்றைச் சிடி படத்தோடு சேர்த்து எழுதி, ஒரு பிரதியை நோயாளியிடமும் கொடுத்தோம்.